ஆல்ப்ஸில் எந்த ஊரில் பெட்டியை இறக்குவது?

வாசகர் கேள்வி – பதில்

ஸ்விட்சர்லாந்தில் ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்கள் வரிசையாக நிற்கும் வட்டாரத்துக்குப் பெர்னர் ஓபர்லாந்து என்று பெயர். அங்கே போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கே வருகின்றன: தங்குவதற்கு எந்த ஊர்? விமான டிக்கெட்டைவிடப் பயணத்தை அதிகம் தீர்மானிப்பது இதுதான் என்பதால், இந்த இதழில் அதற்கு மட்டும் பதில்.

குடும்பத்தோடு ஆறு பேர், ஜூலையில் நான்கு இரவு. டிராவல்ஸ்காரர் இன்டர்லாக்கன் என்கிறார். போய்வந்த நண்பர்கள் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். படத்தில் பார்த்தால் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? – வாசகர், கோவை

படங்களை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உண்டிவில்லின் கவட்டை ஒன்றை வரையுங்கள். கைப்பிடியின் அடியில் இன்டர்லாக்கன் ஓஸ்ட் ரயில் நிலையம். உயரம் 567 மீட்டர். கவட்டை பிரிகிற இடம் ஸ்வைலூட்ஷினன் என்ற சிறு நிலையம். இடது கொம்பின் நுனியில் கிரிண்டல்வால்ட், 1,034 மீட்டர். வலது கொம்பின் நுனியில் லாட்டர்புருன்னன், சுமார் 800 மீட்டர். இரண்டு நுனிகளிலிருந்தும் பல்சக்கர ரயில்கள் மலையேறி, 2,061 மீட்டரில் உள்ள கிளைன ஷைடெக் கணவாயில் சந்திக்கின்றன, கவட்டையின் இரு கொம்புக்கும் நடுவே ரப்பர் கட்டியதுபோல. அந்த ரப்பரில் லாட்டர்புருன்னன் பக்கத்துப் பாதியில் இருக்கிறது வெங்கன், 1,274 மீட்டர். கணவாயிலிருந்து இன்னொரு ரயில் பாறையைக் குடைந்து 3,454 மீட்டர் உயரத்திலிருக்கும் யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமேட்டு நிலையத்துக்கு ஏறுகிறது. மியூரன் மட்டும் இந்த வளையத்துக்கு வெளியே. லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்க மேட்டில், ஏறத்தாழ 1,640 மீட்டரில் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

வரைந்தாயிற்றா? இப்போது நீங்கள் கட்டாயம் பார்க்க நினைக்கும் இடங்களை எழுதி, ஒவ்வொரு ஊரிலிருந்தும் அங்கே போக எத்தனை வண்டி மாற வேண்டும் என்று எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக மென்லிகன் மேடு. அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை நாலரை கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளமான பாதை. ஐகரின் வடக்குச் சுவரை நோக்கியே ஒன்றரை மணி நேரம் நடக்கலாம். வெங்கனில் தங்கினால் மென்லிகனுக்கு ஒரே ஒரு ரோப் கார், அதுவும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இன்டர்லாக்கனிலிருந்து ஒரு ரயில், ஒரு ரோப் கார். மியூரனிலிருந்தோ குட்டி ரயிலில் கிரூட்ஷால்ப், அங்கிருந்து ரோப் காரில் லாட்டர்புருன்னனுக்கு இறக்கம், மறுபடி பல்சக்கர ரயிலில் வெங்கன், அதன்பின் மென்லிகன் ரோப் கார் என்று நான்கு வண்டி. மியூரனின் அழகில் குறையே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலோடு அங்கே தங்கினால் ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறுவதிலேயே பொழுது போய்விடும்.

அடுத்து, நேரக் கணக்கு. இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து லாட்டர்புருன்னனுக்கு 20 நிமிடம், கிரிண்டல்வால்டுக்கு அரை மணிக்குச் சற்று மேல். கேட்க அற்பமாகத் தெரியும். போக, வர, நான்கு நாள் என்று பெருக்கினால் லாட்டர்புருன்னன் பக்கம் மட்டுமே இரண்டு மணி நாற்பது நிமிடத்தை எட்டும். ரயில் அரை மணிக்கு ஒன்று. ஆறு பேரில் ஒருவர் ஷூ லேஸ் கட்டத் தாமதித்தால் முப்பது நிமிடம் காலி. கோடையில் சிகரங்கள் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் காலையில்தான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மேலெழுந்து, மதியத்துக்குப் பிறகு மேகமாகி உச்சியை மூடும். ஆக, நீங்கள் இழப்பது வெறும் அரை மணி இல்லை, அந்த நாளின் மிக நல்ல அரை மணி.

உங்களுக்கு எங்கள் பதில் வெங்கன். லாட்டர்புருன்னனிலிருந்து கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஊருக்குள் கார் வராது. பிள்ளைகளைத் தெருவில் தைரியமாக விடலாம். கிளைன ஷைடெக் போகும் ரயில் உங்கள் ஊர் வழியாகவே போகிறது. பகலில் வந்த கூட்டம் மாலையில் இறங்கிவிட்ட பிறகு, யுங்ஃப்ராவின் பனி மேல் அந்தி வெளிச்சம் விழுவதை விடுதி மாடத்திலிருந்தே பார்க்கலாம். ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: கீழே எதற்கு இறங்கினாலும் ரயில்தான். இன்டர்லாக்கனின் இரு பக்கமும் உள்ள ஏரிகளில் படகு, ஒரு நாள் லுசெர்ன், இன்னொரு நாள் பெர்ன் என்று உங்கள் பட்டியல் சமவெளிப் பக்கம் சாய்ந்தால் டிராவல்ஸ்காரர் சொல்வதே சரி. இன்டர்லாக்கனில் தங்குங்கள்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம்தான் போக முடியும். அப்போது எந்த ஊர் நல்லது? – வாசகி, சென்னை

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் மே மாதமே கிளம்புவதால் இதை விரிவாகச் சொல்கிறோம். மே என்றால் நமக்குக் கோடை. ஆல்ப்ஸில் அது பனிக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் கிடக்கிற மாதம். 2,000 மீட்டருக்கு மேல் நடைபாதைகள் இன்னும் பனிக்கடியில் இருக்கும். மென்லிகன் பாதையும், ஃபிர்ஸ்ட் மேட்டிலிருந்து பாகால்ப் ஏரிக்குப் போகும் பாதையும் வழக்கமாக ஜூனில்தான் முழுதாகத் திறக்கும். படங்களில் சிகரம் தலைகீழாகத் தெரியும் அந்த ஏரி, மே மாதத்தில் பெரும்பாலும் வெள்ளைப் பாய் விரித்ததுபோல் உறைந்து கிடக்கும். ஷீனிகே பிளாட்டே என்ற மேட்டுக்கு ஏறும் பழைய பல்சக்கர ரயிலையும் ஜூனுக்கு முன் நம்பாதீர்கள்.

இரண்டாவது சிக்கல் பராமரிப்பு. ரோப் கார் நிறுவனங்கள் கம்பிவடத்தைச் சோதிக்கவும் பாகங்களை மாற்றவும் பனிச்சறுக்குக் காலம் முடிந்ததும் சில வாரம் வண்டியை நிறுத்திவிடும். ஏப்ரல், மே, பிறகு நவம்பர் மாதங்களில் இது நடக்கும். அவர்களின் இணையதளத்தில் ‘ரிவிசியோன்’ என்ற ஜெர்மன் சொல் கண்ணில் பட்டால் அந்தத் தேதிகளில் வண்டி ஓடாது என்று பொருள். அறை பதிவு செய்யும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். மியூரன், வெங்கன் விடுதிகள் பலவும் இதே வாரங்களில் மூடியிருக்கும். திறந்திருக்கும் ஒன்றிரண்டில் தங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டி வரும்.

எனவே மே மாதத்துக்கு லாட்டர்புருன்னன் அல்லது இன்டர்லாக்கன். இதில் வருந்த எதுவும் இல்லை. பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஊர் நடுவிலேயே 297 மீட்டர் பாறையிலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவி, செப்டம்பரில் காற்றில் கரைகிற நூலாகத் தெரியும்; மே, ஜூனில் தண்ணீர் திரண்டு விழும். பாறைக்குள்ளேயே பாயும் ட்ரும்மல்பாக் அருவிகளில் பனியாற்று நீர் நொடிக்கு 20,000 லிட்டர் வரை இறங்கும். உள்ளே நிற்கும்போது பாறையின் அதிர்வு காலில் தெரியும். படிகள் ஈரம், சாரல் அடிக்கும், மழைக் கோட்டு தேவை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். யுங்ஃப்ராவ்யோக் ரயில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. இன்டர்லாக்கனிலிருந்து ஹார்டர் கூல்ம் மேட்டுக்குப் பழனி விஞ்ச் போன்ற வண்டி ஏப்ரல் வாக்கிலேயே ஓடத் தொடங்கிவிடும். 1,322 மீட்டரிலிருந்து இரண்டு ஏரியும் மூன்று சிகரமும் ஒரே பார்வையில் தெரியும்.

அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. யுங்ஃப்ராவ்யோக் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எங்கே தங்கினால் சிரமம் குறையும்? – வாசகர், மதுரை

கிரிண்டல்வால்ட். இன்டர்லாக்கனிலிருந்து வரும் ரயில் கிரிண்டல்வால்ட் டெர்மினல் என்ற நிலையத்தில் நிற்கும். அங்கே லிஃப்ட் உண்டு. அதே வளாகத்திலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் கார் கிளம்புகிறது. 2020 டிசம்பரில் திறந்தது. 15 நிமிடத்தில் 2,320 மீட்டரிலுள்ள ஐகர்கிளெட்ஷர் நிலையத்துக்கு ஏற்றிவிடும். அங்கே யுங்ஃப்ராவ் ரயிலில் மாறினால் வேலை முடிந்தது. வெங்கன் வழியாகப் போனால் மாறும் இடங்களும் நேரமும் கூடும்.

வசதி கூடக் கூட ஏற்றத்தின் வேகமும் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம். காலையில் 1,000 மீட்டரில் காப்பி குடித்தவர் இரண்டு மணி நேரத்துக்குள் 3,454 மீட்டரில் நிற்பார். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். யுங்ஃப்ராவ்யோக்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். தலை கனப்பது, குமட்டல், நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்குவது எல்லாம் இதனால்தான். கிளம்பும் முன் அவர்களின் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லியே கேளுங்கள். ‘மலைக்குப் போகிறோம்’ என்றால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார். மேலே போனதும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். நடையைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவது நல்லது. அங்குள்ள பனிக்கட்டிக் குகையான ‘பனி அரண்மனை’யில் தரையே பனிக்கட்டி. கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். வெளித்திடலில் ஜூலையிலும் உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ பேச்சு தடுமாறினாலோ காத்திருக்காமல் அடுத்த ரயிலில் இறங்குவதுதான் மருந்து.

மருத்துவர் வேண்டாம் என்றால் மனம் தளர வேண்டாம். கிளைன ஷைடெக் 2,061 மீட்டர், அதாவது ஊட்டியைவிடத் தாழ்வு. ரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே ஐகரின் வடக்குச் சுவர் தலைக்கு மேல் நிற்கும். பெரியவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை அதுதான். யுங்ஃப்ராவ்யோக் இரண்டாவது.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிரிண்டல்வால்ட் ஒரு சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஊர். விலாசத்தில் ஊர்ப்பெயர் இருந்தும் விடுதி நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மேட்டில் இருக்கலாம். வரைபடத்தில் தூரத்தோடு உயர வித்தியாசத்தையும் பாருங்கள். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களும் மலை மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆம்புலன்ஸ் எண் 144, ஹெலிகாப்டர் மீட்பு 1414.

‘ரயில் நிலையத்துக்கு மிக அருகில்’ என்று போட்டிருந்ததால் இன்டர்லாக்கனில் ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். நம்பிப் பணம் கட்டலாமா? – வாசகர், சேலம்

எந்த நிலையத்துக்கு அருகில் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். இன்டர்லாக்கனில் வெஸ்ட், ஓஸ்ட் என்று இரண்டு நிலையங்கள். வெஸ்ட்டைச் சுற்றிக் கடைத்தெரு. மலைக்குப் போகும் ரயில்கள் புறப்படுவதோ ஓஸ்டிலிருந்து மட்டும். இரண்டுக்கும் நடுவே நடந்தால் 20, 25 நிமிடம். பேருந்தும் உண்டு, பெரிய ரயில்களும் ஓடும். ஆனால் தினமும் காலையில் இன்னொரு வண்டி கூடுகிறது. பெர்ன் பக்கமிருந்து வரும்போது முதலில் வெஸ்ட் வரும். பலர் அவசரப்பட்டுப் பெட்டியோடு அங்கேயே இறங்கிவிடுகிறார்கள்.

இதே பொறி மற்ற ஊர்களிலும் இருக்கிறது. கிரிண்டல்வால்டில் டெர்மினல் ஒன்று, ஊர் நடுவிலுள்ள நிலையம் இன்னொன்று. ஐகர் எக்ஸ்பிரஸ், மென்லிகன் இரண்டும் டெர்மினலிலிருந்து. ஃபிர்ஸ்ட் மேட்டுக்கான ரோப் கார் ஊரின் மறுபக்கத்திலிருந்து. மியூரனில் கிரூட்ஷால்ப் ரயில் நிற்பது ஊரின் ஒரு கோடி, பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஷ்டேகல்பெர்க்கிலிருந்து வரும் ரோப் கார் நிற்பது மறு கோடி. ஊர் சிறியதுதான், ஆனாலும் பெட்டியோடு கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

ஓஸ்ட் நிலையத்தில் இன்னொன்று. லாட்டர்புருன்னன் பெட்டிகளும் கிரிண்டல்வால்ட் பெட்டிகளும் ஒரே ரயிலாகக் கிளம்பி ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும். காலியாக இருக்கிறதே என்று எதிலும் ஏறிவிடாதீர்கள். பெட்டியின் வெளிப்பலகையில் எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள். தவறிவிட்டால் பதறாமல் ஸ்வைலூட்ஷினனில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

சைவம் மட்டும்தான். சமையலறை உள்ள வீடாக எடுத்து, குக்கரையும் கையோடு கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம். எந்த ஊர் தோது? – வாசகி, தஞ்சாவூர்

வெளியில் இந்தியச் சாப்பாடு வேண்டுமானால் இன்டர்லாக்கன். அங்கே இந்திய உணவகங்கள் பல இருக்கின்றன. வீட்டிலேயே சமைப்பதானால் எந்த ஊரும் சரிதான். இன்டர்லாக்கன், லாட்டர்புருன்னன், வெங்கன், கிரிண்டல்வால்ட், மியூரன் எல்லாவற்றிலும் கோ-ஆப் பலசரக்குக் கடை உண்டு. அரிசி, தயிர், காய்கறி, டப்பாவில் வேகவைத்த பயறு வகைகள் கிடைக்கும். துவரம்பருப்பு, சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். மலையூர்க் கடைகள் மாலை சீக்கிரம் மூடும், ஞாயிறன்று திறக்கும் நேரம் இன்னும் குறையும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

குக்கர் விஷயத்துக்கு வருவோம். அங்குள்ள வீடுகளில் கேஸ் அடுப்பு அபூர்வம். தட்டையான கண்ணாடி அடுப்பு இருக்கும். அது கம்பிச்சுருள் சூடாகும் வகையானால் அடிப்பாகம் தட்டையான எந்தப் பாத்திரமும் வேலை செய்யும். இண்டக்‌ஷனானால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. வீட்டுக்காரரிடம் எந்த வகை என்று கேளுங்கள். பதில் வரவில்லையா, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை உங்கள் குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரண்டு அடுப்புக்கும் ஆகும். உயரமான ஊரில் குக்கர் மிகவும் உதவும். மியூரனில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் நீங்கள் நிற்பது அதனால்தான்.

மின்செருகியும் வேறு. ஸ்விஸ் துளை அறுகோணக் குழிக்குள் மூன்று மெல்லிய முனைகளுக்கானது. செல்பேசி சார்ஜரின் மெலிந்த இரண்டு முனைச் செருகி பொருந்தும். நம் உருண்டை மூன்று முனையும், ஜெர்மனியின் தடித்த வட்டச் செருகியும் நுழையாது. ஸ்விஸ் அடாப்டர் என்றே கேட்டு வாங்குங்கள்.

விமானத்தில் நெய், பால்கோவா, தயிர் எதையும் எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. நோய் இல்லை என்ற தாவரச் சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி, மாங்காய்க்கும் அதே கதிதான். பொடியாக அரைத்த மசாலாவுக்குச் சிக்கல் இல்லை.

உணவகத்தில் ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவல் சைவம் போலத் தோன்றும். பன்றிக் கொழுப்புத் துண்டுகள் சேர்ப்பது வழக்கம். ‘ஓனெ ஷ்பெக்’ (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லுங்கள். சூப்புகள் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தவை. எமென்டாலர், கிரூயேர் போன்ற பாரம்பரியச் சீஸ்கள் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைக்கப்படுபவை. கண்டிப்பான சைவர்கள் பொட்டலத்தின் மீது மஞ்சள் வட்டத்தில் ‘வி’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெர்னில் சித்தப்பா வீட்டில் தங்கி, தினமும் மலைக்குப் போய்வரலாமா? அறை வாடகை மிஞ்சுமே. – வாசகர், யாழ்ப்பாணம்

பெர்னிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏரிப் படகு, ஹார்டர் கூல்ம், ட்ரும்மல்பாக், ஷ்டாவ்பாக் எல்லாம் பெர்னிலிருந்து நிம்மதியாகப் போய்வரலாம். யுங்ஃப்ராவ்யோக்குக்கோ ஒரு வழிக்கே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். போக வர ஐந்து. சித்தப்பா வீட்டு விருந்தோம்பலில் விடியற்காலைப் புறப்பாடு சாத்தியமா என்றும் யோசியுங்கள். ஐந்து நாளில் மூன்று இரவு பெர்ன், இரண்டு இரவு மேலே என்று பிரித்தால் உறவும் குறையாது, மலையும் கிடைக்கும். அந்த இரண்டு இரவையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

பெர்னில் இருக்கும் நாளில் ஐரோப்பாபிளாட்ஸில் உள்ள ‘சமயங்களின் இல்ல’த்துக்குப் போய்வாருங்கள். 2014-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் ஈழத் தமிழர்களின் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மன்றம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன.

யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டை இங்கிருந்தே வாங்கிவிடலாமா? எந்தப் பாஸ் லாபம்? – வாசகர், திருச்சி

தேதி போட்ட டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்காதீர்கள். முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல். மேகம் மூடிய நாளில் அந்தக் காசுக்குக் கிடைப்பது வெள்ளைச் சுவர் மட்டும். எத்தனை இரவு தங்குகிறீர்களோ அத்தனை நாளையும் திறந்து வைத்து, முந்தின மாலை முன்னறிவிப்பைப் பார்த்து, மறுநாள் காலை எழுந்ததும் நேரலைக் கேமராவையும் பார்த்து முடிவெடுங்கள். கேமராவில் கீழ் ஊர், 2,000 மீட்டர், உச்சி என்று மூன்று உயரங்களையும் பாருங்கள். பள்ளத்தாக்கில் மூட்டமாக இருக்கும், மேலே நீல வானம் இருக்கும். இலையுதிர் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஜன்னல் வழியே மட்டும் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் திரும்பியவர்கள் நல்ல நாளைத் தவறவிடுவார்கள். தெற்கிலிருந்து ‘ஃபோன்’ என்ற சூடான மலைக்காற்று வீசும் நாளில் வானம் பளிச்சென்று இருந்தும் ரோப் கார்களை நிறுத்திவிடலாம். அன்று பல்சக்கர ரயில் பாதைதான் கை கொடுக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால், ஐகர்கிளெட்ஷரிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் ஏறும் கடைசிக் கட்ட ரயிலுக்கு இருக்கைப் பதிவு தேவைப்படும். அதை முந்தின மாலை முன்னறிவிப்பைப் பார்த்ததும் செய்யுங்கள். அதிகாலை வண்டிகளில் இடம் கிடைக்கும். அந்த வண்டியைப் பிடிக்க முடிகிற தூரத்தில் தங்குகிறீர்களா என்பதுதான் மீண்டும் வந்து நிற்கும் கேள்வி.

பாஸ் எது என்பதும் தங்கும் ஊரைப் பொறுத்தது. நாடு முழுக்கச் சுற்றுபவர்களுக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ். அது வெங்கன், கிரிண்டல்வால்ட், மியூரன் வரை செல்லும். அதற்கு மேல் யுங்ஃப்ராவ்யோக்குக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். ஒரு மாதம் செல்லுபடியாகும் அரைக் கட்டண அட்டையில் அதே பாதைக்கு 50 சதவீதம். ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்கித் தினமும் மலையேறுபவர்களுக்கு வட்டாரப் பாஸ்களான யுங்ஃப்ராவ் டிராவல் பாஸோ பெர்னர் ஓபர்லாந்து பாஸோ நல்லது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆறு முதல் பதினைந்து வயதுள்ளவர்களுக்கு, பெற்றோரிடம் ஸ்விஸ் டிராவல் பாஸோ அரைக் கட்டண அட்டையோ இருந்தால், இலவசக் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தரமாட்டார்கள். தங்குமிடத்தில் தரும் விருந்தினர் அட்டையையும் பையிலேயே வைத்திருங்கள். உள்ளூர்ப் பேருந்துகளுக்கு அது போதும்.

ஊட்டி ரயில் மாதிரி நீராவி மலை ரயில் அங்கே உண்டா? – மாணவர், குன்னூர்

உண்டு, பிரியன்ஸ் ஊரில். 1892-இல் தொடங்கிய பிரியன்ஸ் ரோட்ஹார்ன் ரயில் 566 மீட்டரிலிருந்து 2,244 மீட்டர் வரை ஏறுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பற்பட்டைகளைப் பற்களின் வரிசை ஒன்றுக்கொன்று தள்ளி அமையும்படி பதிக்கும் ‘ஆப்ட்’ முறை, உங்கள் கல்லாறு – குன்னூர் பாதையில் இருப்பதே. நீலகிரி ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பிரியன்ஸ் எஞ்சின்களும் அங்கேதான். ஜூன் முதல் அக்டோபர் வரை ஓடும். இதற்காக மட்டும் பிரியன்ஸில் தங்க வேண்டியதில்லை, இன்டர்லாக்கனிலிருந்து ஒரே ரயில்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா? – வாசகர், ஈரோடு

இந்த வட்டாரத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம். வெங்கனுக்கும் மியூரனுக்கும் கார் போகாது. காரை லாட்டர்புருன்னன் அடுக்கு நிறுத்தத்திலோ ஷ்டேகல்பெர்க்கிலோ விட்டு, அன்றாடம் வாடகையும் நிறுத்தக் கட்டணமும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எட்டு நாள் இருக்கிறோம். இரண்டு ஊராகப் பிரித்துத் தங்குவது புத்திசாலித்தனமா? – வாசகி, திருநெல்வேலி

மூன்று இரவு வரை ஒரே ஊர். ஊர் மாறும் நாளில் காலை 10, 11 மணிக்கு அறையைக் காலி செய்து, அடுத்த அறை 3 மணிக்குக் கிடைக்கும்வரை பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைவதால் அரை நாள் போய்விடும். எட்டு நாளுக்கு அந்த அரை நாளைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரானால் முதல் நான்கு இரவு வளையத்துக்குள், வெங்கன் அல்லது கிரிண்டல்வால்ட். அடுத்தது மியூரன், மூன்று இரவு. அந்த மூன்று நாளும் கீழே இறங்காமல் இருங்கள்: 2,970 மீட்டர் ஷில்ட்ஹார்ன் சிகரம் ஒரு நாள், கிரூட்ஷால்ப்பிலிருந்து மியூரனுக்கு எதிர்ச் சிகரங்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரச் சமதள நடை ஒரு நாள், கிம்மல்வால்ட் சிற்றூருக்குக் கீழ்நோக்கி நடந்துபோய் ரோப் காரில் திரும்புவது இன்னொரு நாள். நடைபாதைப் பலகைகளில் மஞ்சள் மட்டும் இருந்தால் யாரும் நடக்கலாம். வெள்ளை – சிவப்பு – வெள்ளைப் பட்டை மலைப்பாதை, பிடிமானமுள்ள ஷூ தேவை. வெள்ளை – நீலம் – வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள்; அது கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள்.

பெரிய பெட்டிகளைக் கூடியமட்டும் மியூரனுக்கு ஏற்றாதீர்கள். வழியில் லாட்டர்புருன்னன் நிலையத்தின் பூட்டறைப் பெட்டிகளில் அவற்றை வைத்துவிட்டு, மூன்று நாள் உடையோடு முதுகுப்பையை மட்டும் எடுத்துப் போங்கள். எத்தனை நாள்வரை வைக்கலாம் என்று பெட்டியின் கதவிலேயே எழுதியிருக்கும். பணம் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.